நூல்களும் வாசகர் தீர்ப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

1

தமிழ் இலக்கிய வரலாறு இதுகாறும் பெரும்பாலும் புலவர் வரலாறாகவோ நூல் வரலாறாகவோதான் எழுதப்பட்டு வந்துள்ளது. நூல் தோன்றிய காலம், ஆக்கியோன் பெயர், அவனைப் புரந்த வள்ளல், நூலின் பொருள், அதன் அணிநலம் ஆகியன விரிவாக ஆராயப்பட்டுள்ளன. ஆனால் அந்நூலை வாசித்தோர் யாவர், வாசித்தபின் அதுபற்றி யாது கூறினர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளன. வாசகன் இலக்கிய வரலாற்றின் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனாகவே இருந்து வந்துள்ளான்.

எனினும் ஒரு வாசகரின் கருத்து இலக்கிய வரலாற்றின் போக்கையே மாற்றியதற்குச் சான்று நம் கண்முன் உள்ளது. 1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் முன்சீப்பாகப் பணியாற்ற வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை உ. வே. சாமிநாதையர் சந்தித்த நிகழ்ச்சி யாவரும் அறிந்ததே. தாம் கற்ற நூல்கள் எவையென வினவப்பட்டபோது, அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என நீண்டதொரு பட்டியலைச் சாமிநாதையர் ஒப்புவித்தார். முதலியார் அப்பட்டியலைக் கேட்டு வியக்கவில்லை. அவற்றுக்கு முற்பட்ட பழைய நூல்களைப் படித்ததுண்டோ என்று அவர் கேட்டார். சீவகசிந்தாமணி ஏடு தேடப்பட்டதும் பின்னர் சங்க நூல்கள் அச்சேறியதும் அவ்வினாவின் விளைவுகளே. முதலியார் புலவர் அல்லர். மடத்தைச் சார்ந்தவரும் அல்லர். ஆங்கிலக் கல்வி பெற்ற அரசாங்க உத்தியோகத்தர். அத்தகையவர் ஒருவர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையின் மாணாக்கர் கற்ற பல்வகை நூல்களை நோக்கி இவை போதா என்று கூறத் துணிந்தமை, அரை நூற்றாண்டுக்கு முன் எண்ணிப் பார்க்கவும் இயலாததொன்றாகும்.

இத்துணிவு எவ்வாறு பிறந்தது? நூலைப் பற்றிக் கருத்துரைக்கும் உரிமை யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது? பல்வகைப்பட்ட சில நூல்களை எடுத்துக்கொண்டு, அவை பற்றி எழுந்த வாசகர் கருத்துக்களின் துணையுடன் இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு நூலைப் பற்றிய வாதத்தை உற்றுநோக்கின், அங்கு நூலின் தரம் மட்டும் வழக்கிடப்படுவதில்லை என்பதும், அதுபற்றிப் பேசத் தகுதியுடையோர் யாவர் என்பதும் உடன் வழக்கிடப்படுகின்றது என்பதும் புலனாகும்.

2

பழந்தமிழ் மரபில் நூலைப் பற்றிய கருத்துக்கு உரிய இடம் பாயிரமாகும். தொல்காப்பியத்திற்குப் பனம்பாரனார் செய்த சிறப்புப்பாயிரம், அந்நூல் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறிய செய்தியைத் தருகின்றது. அரசன், அவை, ஆசான் என்னும் மூன்று அதிகாரங்களும் ஏற்றுக்கொண்ட பின்னரே நூல் நூலாயிற்று என்பது இதனாற் பெறப்படும்.

சிறப்புப்பாயிரம் செய்தற்குரியோர் யாவர் என்பதை நன்னூல் வரையறுத்துக் கூறுகின்றது. நூலாசிரியனின் ஆசிரியன், அவனோடு உடன்கற்றவன், அவனுடைய மாணாக்கன், நூலுக்குத் தகுந்த உரை கண்டவன் ஆகிய நால்வருமே அவர். நூலாசிரியன் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பதும் அதனையடுத்துக் கூறப்படுகின்றது. இந்நால்வரும் நூலாசிரியனோடு கல்வியுறவு பூண்டவர்கள் என்பது ஈண்டு நோக்கற்பாலது. அவனை அறியாதவனும் அவன் அறியாதவனுமாகிய ஒருவன் நூலைப் பற்றிப் பேசுவதற்கு இவ்விலக்கணத்தில் இடமில்லை. ஏட்டுச்சுவடியை வைத்திருந்தவர் தொகையும் அதனைப் படிக்கவல்லவர் தொகையும் மிகச் சிறிதாயிருந்த சமூகத்தில் இவ்வரையறை இயல்பானதே. பாயிரம் ஒரு சிறிய குழுவின் தன்னிலை விளக்கமாக அமைந்தது.

அச்சியந்திரம் வந்தபின்னும் இம்மரபு உடனடியாக மறைந்துவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டிற் பதிப்பிக்கப்பட்ட நூல்கள் பலவற்றின் முற்பக்கங்களில் வித்துவான்களின் சாற்றுகவிகள் நிரல்பட நிற்பதைக் காணலாம். ஆயின் அவற்றின் தொழில் மாறிவிட்டது. முன்னர் அவைக்கு உறுதி கூறிய பாயிரம், இப்பொழுது முகமறியாத வாசகனுக்கு, அதாவது விலை கொடுத்து வாங்குவோனுக்கு, உறுதி கூறலாயிற்று. சாற்றுகவிகள் பெருகப் பெருக, அவற்றுக்கு வெளியே நிற்கும் வாசகனின் முக்கியத்துவம் மறைமுகமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது எனலாம்.

3

முகமறியாத அவ்வாசகன் தன் குரலை முதலில் எழுப்பிய இடங்களுள் ஒன்று கிறித்தவ வேதத்தின் தமிழ் மொழிபெயர்ப்பாகும். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாரின் பொறுப்பில், ஆறுமுக நாவலரின் துணையுடன் உருவான விவிலிய மொழிபெயர்ப்பு 1850ஆம் ஆண்டு வெளிவந்தது. அது சென்னைக்குக் கொண்டு செல்லப்பட்டபோது, அக்காலத்துப் பெரும்புலவராகிய மகாலிங்கையர் அதன் தமிழ்நடையை ஏற்றுப் பாராட்டினார் என நாவலர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். பழைய மரபின்படி வழக்கு இத்துடன் முடிந்திருக்க வேண்டும். தகுதியுடைய வித்துவான் தீர்ப்புக் கூறிவிட்டார் அல்லவா?

ஆனால் தமிழகத்துத் திருச்சபைகள் அம்மொழிபெயர்ப்பை ஏற்கவில்லை. தலைமுறைகளாகத் தாம் வாசித்தும் கேட்டும் பழகிய பப்ரீசியசின் வாசகத்தினின்றும் அது விலகிச் சென்றமையே அவர்களுக்கு உறுத்தலாயிற்று. 1850ஆம் ஆண்டுப் பதிப்பு, தேர்வுப் பதிப்பு என்ற நிலைக்கு அப்பாற் செல்லவில்லை. பின்னர் பவர் ஐயரின் தலைமையில் வேறொரு குழு திருத்தி 1871இல் வெளியிட்ட பதிப்பே பெருவழக்குப் பெற்றது. அதன் பின்னும் லூத்தரன் திருச்சபையினர் பப்ரீசியசைக் கைவிட்டாரல்லர்.

இங்கு வித்துவானின் தீர்ப்பும் வாசகரின் தீர்ப்பும் ஒன்றையொன்று மறுத்து நின்றன. முடிவில் வாசகரின் தீர்ப்பே நிலைத்தது. அச்சபையினருட் பலர் எழுத்தறிவற்றவர்கள். பிறர் வாசிக்கக் கேட்டவர்கள். பாயிரம் செய்யும் தகுதி அவர்களுள் எவருக்கும் இருந்திராது. எனினும் ஒரு நூல் வாழ்வதையும் வீழ்வதையும் அவர்களே தீர்மானித்தனர். ஆயினும் அவர்களின் கருத்து மிஷன் சங்கங்களின் அறிக்கைகள் வழியாகவே நம்மை வந்தடைகின்றது. தம் சொற்களில் அவர்கள் எழுதிவைத்தது மிகக் குறைவு. இக்குறைபாட்டைப் பின்னரும் நாம் எதிர்கொள்வோம்.

இதே காலப்பகுதியில், 1841ஆம் ஆண்டு, அமெரிக்க மிஷனரிமாரால் யாழ்ப்பாணத்தில் தொடங்கப்பட்ட ‘உதயதாரகை’ என்ற இருமொழிப் பத்திரிகை வாசகர் கடிதங்களை வெளியிட்டது. சைவ கிறித்தவ வாதங்கள் அதன் பக்கங்களில் நிகழ்ந்தன. எழுதுவோனுக்கும் வாசிப்போனுக்கும் இடையே கடிதம் என்னும் புதியதொரு வாயில் திறந்தது. வாசித்தவன் மறுநாள் எழுதுபவனாக மாறக்கூடிய நிலை இதனால் உருவாயிற்று.

4

எழுதுபவனாக மாறிய வாசகனின் ஆயுதம் கண்டனம். இராமலிங்க சுவாமிகளின் பாடல்கள் 1867ஆம் ஆண்டு தொழுவூர் வேலாயுத முதலியாரின் முயற்சியால் ‘திருவருட்பா’ என்ற பெயரில் வெளிவந்தன. அவை திருமுறைகள் எனப் பகுக்கப்பட்டிருந்தன. சைவத் திருமுறைகளுக்குரிய பெயரும் வழிபாட்டிடமும் சமகாலத்தவர் ஒருவரின் பாடல்களுக்கு வழங்கப்பட்டமையை ஆறுமுக நாவலர் கண்டித்தார். அதன் விளைவே 1869ஆம் ஆண்டின் ‘போலியருட்பா மறுப்பு’. அவ்வாண்டிலேயே பிணக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இரு தலைவர்களும் மறைந்த பின்னரும் வாதம் ஓயவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை ஒருபுறமும் மறைமலையடிகள், செய்குத்தம்பிப் பாவலர் முதலியோர் மறுபுறமுமாக அது மீண்டும் மூண்டது. இசுலாமியரான செய்குத்தம்பிப் பாவலர் சைவ நூலொன்றின் பொருட்டு வாதாட முன்வந்தமை, நூலைப் பற்றிப் பேசும் உரிமை நன்னூலின் நால்வரைக் கடந்து எத்துணைத் தொலைவு சென்றுவிட்டது என்பதற்குத் தக்க சான்றாகும்.

நாவலரின் கண்டனத்தைச் சமயப் பற்றின் வெளிப்பாடாக மட்டும் கொள்வது முழுமையான நோக்காகாது. எது திருமுறை, எதனைக் கோயிலில் ஓதலாம், இதனைத் தீர்மானிப்போர் யாவர் என்பனவே அங்கெழுந்த வினாக்கள். நாவலர் மரபின் அதிகாரத்தைக் காக்க முனைந்தார். ஆனால் அதற்கு அவர் கையாண்ட கருவிகள் அச்சும் துண்டுப்பிரசுரமும் தெளிவான உரைநடையுமாகும். தீர்ப்பை மடத்தின் சுவர்களுக்குள் வைத்திருக்க விரும்பியவரே அவ்வழக்கைப் பொதுமக்கள் முன் கொண்டு சென்றார். வாதிடுவதற்காகவேனும் வாசகனை நடுவனாக ஏற்கவேண்டிய நிலை ஏற்பட்டது. இவ்வாதத்தில் எழுந்த கண்டன நூல்களைப் பிற்காலத்தில் ப. சரவணன் தேடித் தொகுத்துப் பதிப்பித்தமையாலேயே இன்று இதனை இருதரப்பாரின் சொற்களிலும் கற்கக்கூடியதாயுள்ளது.

5

1887ஆம் ஆண்டு தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் முக்கியமானதொன்று. சாமிநாதையரின் சீவகசிந்தாமணியும் ஈழத்துச் சிறுப்பிட்டியைச் சேர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் கலித்தொகையும் அவ்வாண்டிலேயே வெளிவந்தன. சிந்தாமணிப் பதிப்பின் பின்னணியில் இருவகை வாசகரைக் காண்கின்றோம். ஒருவகையினர் கும்பகோணத்துச் சைனர்கள். அந்நூலை அவர்கள் தம் இல்லங்களில் முறையாகப் படித்தும் பொருள் கேட்டும் வந்தனர். படனம் நிறைவெய்தியபோது அதனை ஒரு விழாவாகக் கொண்டாடினர். பல்கலைக்கழகமோ மடமோ அறியாத வாசக மரபு ஒன்று அவ்வில்லங்களில் உயிர்வாழ்ந்து கொண்டிருந்தது. சைன மரபுச் செய்திகளிற் சைவராகிய பதிப்பாசிரியருக்கு எழுந்த ஐயங்களை அவர்களே தீர்த்துவைத்தனர். வணிகம் செய்து வாழ்ந்த குடும்பத்தவர் பலர் அவர்களுள் இருந்தனர்.

மற்றவகையினர், நூல் வெளிவந்தபின் பிழைகளைச் சுட்டியும் பதிப்பாசிரியரை இழித்தும் துண்டுப்பிரசுரங்கள் வெளியிட்டோர். இக்கண்டனங்கள் தம் மனத்தை எவ்வளவு வருத்தின என்பதையும், மறுமொழி வெளியிடாது விட்டமையையும் சாமிநாதையர் தம் சரித்திரத்தில் எழுதியுள்ளார். தாமோதரம்பிள்ளையின் பதிப்புரைகளும் பெரும்பாலும் வாதநடையில் அமைந்தவை. ஏடுகள் தொட்ட இடத்திலேயே ஒடிந்து உதிர்வதையும் தமிழர் அதுபற்றிக் கவலையற்றிருப்பதையும் அவர் வாசகரை நோக்கி முறையிடுகின்றார். பதிப்புரை என்பது பாயிரத்தின் இடத்தைப் பெற்றுவிட்டது. ஆனால் அது வாசகனுக்கு உறுதி கூறுவதோடு நில்லாது அவனைக் கடிந்தும் கெஞ்சியும் பேசுகின்றது. வாசகனின்றிப் பழைய நூல் மீளாது என்ற உணர்வு அதில் தெளிவாக வெளிப்படுகின்றது.

6

நாவல் என்னும் புதிய இலக்கிய வடிவத்தின் வருகை வாசகர் தொகையை விரிவுபடுத்தியது. 1879இல் வேதநாயகம்பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரமும், 1885இல் கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பையின் அசன்பே சரித்திரமும், 1895இல் திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளையின் மோகனாங்கியும் வெளிவந்தன. இவற்றை வாசிப்பதற்கு ஆசிரியன் வேண்டியதில்லை, உரைகாரன் வேண்டியதில்லை. தனியே இருந்து மௌனமாக வாசித்து முடிக்கலாம். ஆகவே வாசகன் என்ன எண்ணுகிறான் என்பதைப் பண்டிதனோ பாதிரியோ அறிந்து திருத்துவதற்கு வழியில்லாது போயிற்று.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரின் நாவல்கள் பெருந்தொகையாக விற்பனையானபோது எழுந்த கண்டனங்களை இப்பின்னணியில் விளங்கிக்கொள்ளலாம். நாவல் இளைஞரையும் பெண்களையும் கெடுக்கின்றது என்ற குற்றச்சாட்டு, வாசிப்பு கண்காணிப்பை மீறிவிட்டது என்ற அச்சத்தின் மறுவடிவமேயாகும். இதனை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘நாவலும் வாசிப்பும்’ என்ற தம் நூலில் ஆராய்ந்துள்ளார். ஈழத்தின் முதற் பெண் நாவலாசிரியராகக் கருதப்படும் மங்களநாயகம் தம்பையாவின் நொறுங்குண்ட இருதயம் 1914ஆம் ஆண்டு வெளிவந்தது. குடும்பத்தினுள் துன்புறும் பெண்ணின் நிலையைக் கூறிய அந்நூலைப் பெண்கள் வாசித்திருப்பர் என்பதில் ஐயமில்லை. அவர்கள் அதுபற்றி அடுப்படியிலும் கிணற்றடியிலும் பேசிய கருத்துக்கள் எந்தப் பத்திரிகையிலும் ஏறவில்லை.

அசன்பே சரித்திரத்தின் கதியும் இதனோடு ஒப்பிடத்தக்கது. அது காலத்தால் முந்திய தமிழ் நாவல்களுள் ஒன்றாயிருந்தும் தமிழ் நாவலின் தோற்றத்தைக் கூறும் நூல்கள் பலவற்றில் நெடுங்காலம் இடம்பெறவில்லை. அதனை வாசித்த முஸ்லிம் சமூகத்தவரின் கருத்து இலக்கிய வரலாறு எழுதியோரின் செவிக்கு எட்டாததே இதற்குக் காரணமாகலாம். வாசகனை மறக்கும்போது நூலும் மறக்கப்படுகின்றது.

7

ஈழத்தில் இப்பிரச்சினை கூர்மையடைந்தது 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலுமாகும். 1930 முதல் 1958 வரை வெளிவந்த ஈழகேசரியும், 1940களின் பிற்பகுதியில் வெளிவந்த மறுமலர்ச்சியும் புதிய எழுத்தாளர்களுக்கும் வாசகர்களுக்கும் களம் அமைத்திருந்தன. இலவசக் கல்வியும் தாய்மொழிக் கல்வியும் அதுவரை பள்ளி வாயிலை எட்டாதோரையும் வாசகராக்கின. 1954இல் நிறுவப்பட்ட இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் இம்மாற்றத்தின் குரலாக விளங்கியது. 1960இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்ற டொமினிக் ஜீவாவின் தண்ணீரும் கண்ணீரும் என்ற சிறுகதைத் தொகுதியும், அதையொத்த பிற ஆக்கங்களும் ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சுமொழியை இலக்கியத்திற் பயன்படுத்தின. மரபுவாதப் பண்டிதர்கள் இதனை இழிசனர் வழக்கு எனக் கண்டித்தனர். கைலாசபதி, சிவத்தம்பி முதலியோர் இதற்கு எதிராக வாதிட்டனர்.

மேலோட்டமாக நோக்குவார்க்கு இது மொழிநடை பற்றிய வாதமாகத் தோன்றும். உண்மையில் நன்னூலின் நால்வருக்கும் அவர்களுக்குப் புறத்தே நின்றோருக்கும் இடையிலான வழக்கின் தொடர்ச்சியே இது. இழிசனர் எனப்பட்டோர் நூலின் பாத்திரங்களாக மட்டுமன்றி எழுத்தாளராகவும் வாசகராகவும் வந்துவிட்டமையே கண்டனத்தின் உட்பொருள். சிகை திருத்தும் நிலையத்தையே தமது சர்வகலாசாலை எனப் பெருமையுடன் கூறியவர் ஜீவா. அங்கு பத்திரிகை வாசிக்கப்பட்டது, நூல்கள் விவாதிக்கப்பட்டன. 1966ஆம் ஆண்டு அவர் தொடங்கிய மல்லிகையைத் தாமே தெருக்களிற் கொண்டு சென்று விற்றார். இதழாசிரியன் வாசகனின் முகத்தை நேரே கண்டான். வாசகனின் கருத்தை வீதியிலேயே கேட்டான். 1972இல் வெளிவந்த கே. டானியலின் பஞ்சமர் நாவலுக்கும் இத்தகைய வாசகர் அணியொன்று காத்திருந்தது.

எனினும் முற்போக்கு விமர்சனத்தின் குறையொன்றையும் இங்கு கூறாது விடுதல் நேர்மையாகாது. மக்கள் இலக்கியம் பற்றி நாம் நிறையப் பேசினோம். மக்கள் அவ்விலக்கியத்தை வாசித்து என்ன கூறினர் என்பதைத் திரட்டுவதற்கு அத்துணை முயன்றோமல்லோம். பண்டிதர் இடத்தில் விமர்சகர் அமர்ந்தார். வாசகனின் பெயரால் அவர் பேசினார். வாசகன் பெரும்பாலும் மௌனமாகவே இருந்தான். துப்பறியும் கதையையும் காதற் கதையையும் விரும்பி வாசித்த தொழிலாளி, தன் விருப்பத்துக்குக் கூறிய காரணம் என்ன? அது பிழையான உணர்வு என்று முடிவுகட்டுவதற்கு முன் அவனைக் கேட்டறிவதே பொருள்முதல்வாத நோக்குக்கு ஏற்புடைய முறையாகும். 1967இல் ஜேர்மனியின் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் றொபேட் யவ்ஸ் வாசகரின் ஏற்பை இலக்கிய வரலாற்றின் மையமாக்க வேண்டும் என வாதிட்டார். அவர் கருத்துக்கள் அனைத்தும் நமக்கு உடன்பாடாக வேண்டியதில்லை. ஆனால் அவர் எழுப்பிய வினாவை நாம் எழுப்பாது விடல் இயலாது.

8

வாசகர் கருத்தை ஆராய்வதற்கு ஆதாரம் வேண்டும். அது ஏட்டுச்சுவடியிலும் எளிதில் அழியக்கூடியது. பத்திரிகைக்கு எழுதிய கடிதம், நூலின் ஓரத்திற் பென்சிலால் எழுதிய குறிப்பு, இரவல் வாங்கியோர் பெயர் பதிந்த வாசிகசாலைக் கொப்பி, கூட்டமொன்றிற்கு எழுதிய அறிக்கை என்பன நூல்கள் எனக் கருதப்படாமையால் எவராலும் பேணப்படுவதில்லை. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் அந்நாட்களில் எரிக்கப்பட்டது. அழிந்த நூல்களுட் பலவற்றின் வேறு பிரதிகளை உலகின் வேறிடங்களில் தேடிக்கொள்ள முடிந்தது. ஆனால் அந்தப் பிரதிகளைக் கையிலெடுத்து வாசித்தோர் அவற்றில் விட்டுச்சென்ற அடையாளங்களுக்கு மறுபிரதி எங்குமில்லை. பின்னர் தொடர்ந்த யுத்தமும் இடப்பெயர்வுகளும் ஊர் வாசிகசாலைகளையும் வீட்டு அலுமாரிகளையும் சிதைத்தன.

ஆயினும் முயற்சிகள் நிகழாமலில்லை. என். செல்வராஜா 2002 முதல் வெளியிட்டுவரும் ‘நூல்தேட்டம்’ தொகுதிகளும், 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலக முயற்சியும் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் ஆவணப்படுத்தியுள்ளன. பழைய சஞ்சிகைகளின் வாசகர் கடிதங்களை இன்று ஒழுங்காகத் தொகுத்து வகைப்படுத்தல் சாத்தியமாகியுள்ளது. முன்னைய ஆய்வாளர்க்குக் கிட்டாத வாய்ப்பு இது.

பல்கலைக்கழக மாணவர் இதில் ஆற்றக்கூடிய பணி தெளிவானது. ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் வாசிகசாலையொன்றைத் தெரிந்து, அங்கு எஞ்சியுள்ள பதிவேடுகளையும் கடிதங்களையும் படியெடுக்கலாம். முதியோரிடம் அவர்கள் இளமையில் வாசித்த நூல்கள் எவை, அவை ஏன் பிடித்தன, ஏன் பிடிக்கவில்லை எனக் கேட்டுப் பதியலாம். குறிப்பாகப் பெண்களையும் தோட்டத் தொழிலாளரையும் கேட்க வேண்டும். இதுவரை அவர்களைக் கேட்டோர் மிகச் சிலரே. அவர்களின் விடைகள் நமது விமர்சன முடிவுகளோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். அவ்வாறாயின், பதிந்த விடையைத் திருத்தாது நமது முடிவுகளையே மீளாய்வு செய்தல் வேண்டும்.

நூலைப் பற்றிப் பேசும் உரிமை நால்வரிடமிருந்து பலரிடம் வந்துசேர ஒரு நெடிய போராட்டம் தேவைப்பட்டது. அப்பலர் கூறியவற்றைத் திரட்டி வைக்கும் பொறுப்பு நம்முடையது. கூறியோர் பலர் முதுமையடைந்துவிட்டனர். ஆதலின் இப்பணியைத் தாமதித்தல் தகாது.